கழுத்தில் ஒன்று, வயிற்றில் நான்கு

படர்தாமரைக்கு எங்கள் லாமு தீவில் ஷில்லிங் என்று பெயர். வட்டமாக, விளிம்பு சற்றுத் தூக்கலாக, ஒரு நாணயத்தைத் தோலில் அழுத்தி எடுத்ததுபோல் இருக்கும். அதனால் வந்த பெயர். யாருக்காவது வந்துவிட்டால் "பணக்காரனாயிட்டான்" என்று கிண்டல் செய்வோம். எனக்கே மூன்று முறை வந்திருக்கிறது. கழுதைகளுக்கும் பூனைகளுக்கும் வைத்தியம் பார்க்கிற இடத்தில் பதினாறு வருடமாக வேலை செய்கிறவளுக்கு வராமல் வேறு யாருக்கு வரும்?

என் பெயர் ருக்கியா. எங்கள் டாக்டர் மாதத்தில் பாதி நாள் மற்ற தீவுகளுக்குக் கழுதை பார்க்கப் போய்விடுவார். அந்தப் பாதி நாளில் நான்தான் டாக்டர். பட்டம் கிடையாது. கை பழகியிருக்கிறது; வாய் கையைவிட நன்றாகப் பழகியிருக்கிறது.

அன்று செவ்வாய்க்கிழமை. தீமா ஓர் ஓலைக்கூடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். தீமா தொப்பி தைக்கிறவள். எங்கள் ஆண்கள் தலையில் வைக்கும் வெள்ளைத் தொப்பியில் ஊசியால் ஆயிரம் சின்னத் துளைகள் போட்டுப் பூவேலை செய்வாள். ஒரு தொப்பிக்கு இரண்டு மாதம் பிடிக்கும். முப்பத்தைந்து வயது, தனிக்கட்டை. வீட்டில் அவளுக்குப் பேச்சுத் துணை என்றால் கூடைக்குள் இருந்த பூனை ஒன்றுதான். அதன் பெயர் துயி. துயி என்றால் தேங்காய்ப்பால். நிறமும் அதே நிறம்.

"அக்கா, இவ காதப் பாருங்க. எலி கடிச்ச மாதிரி முடி போயிருக்கு."

"உன் பூனைய எலி கடிக்குதா? நல்லா வளத்திருக்கே போ."

காதோரம் ஒன்று, முன்னங்காலில் ஒன்று. வட்டமாக முடி உதிர்ந்து, தவிடு தூவியதுபோல் செதில். தீமாவின் முழங்கைக்கு உள்பக்கமும் ஒரு ஷில்லிங் சிவந்திருந்தது. பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஆனாலும் நாலு முடி பிடுங்கி நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தேன். முடியைச் சுற்றிப் பூஞ்சை மணி மணியாக அப்பியிருந்தது.

"சாகற வியாதி இல்ல, பயப்படாத. ஆனா ஆறு வாரம் ஒரே அறையில அடைச்சு வெக்கணும். தினம் மருந்து. வாரத்துக்கு ரெண்டு தடவ கந்தகத் தண்ணியில முக்கி எடுக்கணும். படுக்கற துணிய வெந்நீர்ல அலசணும். வேற யாரும் தூக்கக் கூடாது."

தீமா அழ ஆரம்பித்தாள். எனக்கு அழுகிறவர்களைக் கண்டால் கோபம் வரும். ஏனென்றால் கூட அழுதுவிடுவேன்.

"எனக்கு இருக்கறதே ஒரு அறை, அக்கா. அதுலதான் தொப்பி தைக்கறேன். ஊரு ஆம்பளைங்க தலையில வெக்கற சாமான். பூனையோட அடைஞ்சு கிடந்தா எவன் வாங்குவான்? அதுகூடப் பரவால்ல. அத்மான் புவானா சொல்லிட்டாரு. சனிக்கிழமைக்குள்ள பூனை போகணும், இல்லன்னா நான் போகணும். மாங்கா ஏத்திட்டுப் போற படகுக்காரன்கிட்ட பேசிட்டாராம். சாக்குல கட்டி அக்கரைச் சந்தையில விட்டுருவானாம்."

"விட்டா?"

"நாய் இருக்கற சந்தை, அக்கா. துயி நாயையே பாத்தது இல்ல. கண்ணு திறக்காத குட்டியா படிக்கட்டுல கிடந்தா. ஆட்டுப்பால்ல துணிய நனைச்சுக் குடுத்து வளத்தேன். அவள அனுப்பிட்டு நான் என்னத்த உக்காந்து பூ தைக்கறது?"

அத்மான் ஃபமாவைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும்; மரியாதைக்கு 'புவானா', அதாவது ஐயா, என்று கூப்பிடுவோம். துறைமுகத்தில் முப்பது வருடம் அதிகாரம் செய்து ஓய்வு பெற்றவர். தீமா குடியிருக்கும் மூன்று மாடி வீடு அவருடையது. மேல்மாடியில் அவர், கீழறையில் தீமா. மனைவி போய் நான்கு வருடம், பிள்ளைகள் மொம்பாசாவில். தெருவில் அவர் நடந்து வந்தால் முதலில் தெரிவது அவருடைய வெள்ளைக் கன்ஸு அங்கிதான். கழுத்திலிருந்து கணுக்கால்வரை ஒரு சுருக்கம், ஒரு கறை இருக்காது. கழுதை போகும் சந்தில் அவர் மட்டும் எப்படிக் கறை படாமல் போகிறார் என்பது ஊரில் யாருக்கும் விளங்காத விஷயம். பூனைகளே நிறைந்த இந்த ஊரில் பூனையைக் கண்டால் ஆகாது என்று வாய்விட்டுச் சொல்கிற ஒரே மனிதரும் அவர்தான்.

புதன்கிழமை காலையில் அவரே வந்து நின்றார். கழுத்தில் தாடிக்குக் கீழே ஒரு ஷில்லிங். நல்ல பெரியது.

"ருக்கியா, இதப் பாரு! மசூதில பின்வரிசையில இருந்தவன் கேக்கறான், 'என்ன புவானா, பணம் காய்ச்சுடுச்சா'ன்னு! அந்தப் பொண்ணோட பூனை பண்ண வேலை. சட்டமா ஒரு வார்த்தை எழுதிக் குடு, இது ஊருக்கே பரவற வியாதி, பூனைய நாடு கடத்தணும்னு."

"பூனைய நீங்க தூக்குனீங்களா?"

"நானா? சீ! எழுபது வயசுல ஒரு பூனைய என் விரல் தொட்டதில்ல. காத்துல வந்துச்சு. அவ சன்னல்லேர்ந்து கிளம்பி, நேரா என் சன்னல்."

காற்றிலும் முடி பறக்கும்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பேசிக்கொண்டே மனிதர் வயிற்றைச் சொறிந்தார். ஒரு முறை அல்ல, நான்கு இடத்தில் நான்கு முறை. காற்று வந்து வயிற்றில் படுத்துக்கொள்ளுமா? பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிட்டது என்று நினைக்குமாம். பூனைக்குச் சொன்னது சில பெரிய மனிதர்களுக்கும் பொருந்தும்.

"எழுதித் தரேன் புவானா. ஆனா அதுக்கு முன்னாடி விளக்குப் பரிசோதனை பண்ணணும். எங்ககிட்ட ஒரு ஊதா விளக்கு இருக்கு. இருட்டுல காட்டுனா பூஞ்சை பச்சையா மின்னும். காத்துல வந்ததா, தொட்டு வந்ததான்னு அது சொல்லிடும்."

"சொல்லட்டும்! எனக்கென்ன பயம்? எப்ப வரட்டும்?"

"வெள்ளிக்கிழமை. ஜும்மா தொழுதுட்டு அப்படியே வாங்க."

இதில் பாதி உண்மை, பாதி என் சொந்தச் சரக்கு. பூனையின் முடியில் பூஞ்சை இருந்தால் விளக்கில் மின்னும். அதுவும் எல்லாப் பூனைக்கும் மின்னாது. மனிதத் தோலில் அது பெரும்பாலும் ஒன்றையும் காட்டாது. காற்றா தொடலா என்று சொல்லும் விளக்கை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. அதையெல்லாம் நான் அவரிடம் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை என்று ஏன் சொன்னேன் என்பதை உங்களுக்கும் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை வந்தார். வாரத்திலேயே சிறந்த கன்ஸு, அத்தர் வாசனை, கைத்தடி. எங்கள் வைக்கோல் அறைக்கு ஜன்னல் கிடையாது. கதவைச் சாத்தினால் நடுப்பகலிலும் கும்மிருட்டு. நான், அவர், கூடையோடு தீமா. கதவு இடுக்கில் ஒரு கண். அது எதிர்ச்சந்தில் பொரித்த மீன் விற்கிற பிலியின் கண். ஊரில் செய்தித்தாள் வராத நாள் உண்டு, பிலி வராத நாள் கிடையாது. நான் அவளை விரட்டவில்லை.

முதலில் துயிக்குக் காட்டினேன். காதோரம் பச்சை எலுமிச்சை நிறத்தில் முடி முடியாக மின்னியது.

"பாத்தியா! பாத்தியா!" என்று அத்மான் கைத்தடியைத் தரையில் தட்டினார். "இப்ப எனக்குக் காட்டு. கழுத்துல மட்டும்தான் இருக்கும்."

விளக்கை அவர் பக்கம் திருப்பினேன்.

மனிதர் தீயாகப் பற்றிக்கொண்டார். முகம், கை, கால் எல்லாம் இருட்டில் காணாமல் போக, கன்ஸு மட்டும் தோள் முதல் கணுக்கால்வரை நீலவெள்ளையாக ஜொலித்துக்கொண்டு அந்தரத்தில் நின்றது. எனக்கே ஒரு கணம் உடம்பு சிலிர்த்தது.

"யா அல்லாஹ்!" என்று கதவுக்கு வெளியே பிலி அலறினாள். "ஒடம்பு பூரா ஷில்லிங்! இவரு பேங்கே வெச்சிருக்காரு!"

"என்னம்மா இது? ருக்கியா! என்ன ஆச்சு எனக்கு?"

"விளக்கு பொய் சொல்லாது புவானா. பூனை எங்கெங்க படுத்துச்சோ அங்கெல்லாம் எரியும்."

"தோள்லயும் கால்லயும் படுக்கலியே!" என்றார் அத்மான்.



"அப்போ எங்க படுத்துச்சு?" என்று கேட்டாள் தீமா. அவள் குரல் அவ்வளவு மெதுவாக வந்து நான் கேட்டதில்லை.

"வயித்துல," என்றார். அதற்குப் பிறகு மடை திறந்துவிட்டது. "ரெண்டு மணிக்கு. நான் சாப்பிட்டுப் படுப்பேன் பாரு, அப்ப. கூரை வழியா வரும். நான் கூப்பிடறதில்ல. சத்தியமா கூப்பிடறதில்ல. மீன் மட்டும் வெப்பேன். மல்க்கியா அதுவாத்தான் வந்து படுக்கும்."

"யாரு மல்க்கியா?"

கூடைக்குள்ளிருந்து துயி "ம்யாவ்" என்று பதில் சொன்னாள். மல்க்கியா என்றால் ராணி.

"என் பூனைக்குப் பேரு வெக்க நீங்க யாரு?" என்று தீமா கத்தினாள். சாக்கில் கட்டி அனுப்புவதாகச் சொன்னபோதுகூட அவளுக்கு இவ்வளவு கோபம் வரவில்லை. "நான் பாலூட்டி வளத்த புள்ளைக்கு நீங்க மீனக் குடுத்துப் பேர மாத்துவீங்களா? மாத்திட்டு சந்தைக்கு வேற அனுப்புவீங்களா?"

கதவைத் திறந்தேன். அத்மான் வெளிச்சத்தில் வெலவெலத்துப்போய் நின்றார். வெட்கத்தை மறந்து, உள்ளே கட்டியிருந்த வேட்டிக்கு மேல் கன்ஸுவைத் தூக்கி வயிற்றைப் பார்த்துக்கொண்டார். ஒரு பூனை சுருண்டு படுக்கிற அளவுக்குள், வரிசையாக நான்கு ஷில்லிங்.

"ஏன் புவானா," என்று கேட்டேன், "வயித்துல வெச்சுத் தூங்க வெக்கறீங்க. அப்புறம் ஏன் நாடு கடத்தணும்னு குதிச்சீங்க?"

"மசூதில கேட்டுட்டானே! அத்தன பேரு முன்னாடி. இந்தப் பூனைச் சனியன்னு கத்திட்டேன். கத்துனத எப்படி முழுங்கறது? படகுக்காரன்கிட்ட பேசுன நாள்லேர்ந்து எனக்கும்தான் தூக்கம் இல்ல."

பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவம் பார்த்தால் வேலை நடக்காது. சட்டுப்புட்டென்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். துயிக்குத் தனியறை வேண்டும். அத்மானிடம் மாடியில் நான்கு அறை பூட்டிக் கிடக்கிறது. பூனையைத் தொடுகிறவருக்கு ஒட்டும். அத்மானுக்கு ஏற்கனவே ஒட்டியாயிற்று. ஆறு வாரம் துயி அவரிடம். மருந்து கொடுப்பது, முக்கி எடுப்பது, துணி அலசுவது எல்லாம் அவர் பொறுப்பு. தமக்குக் களிம்பும் தாமே தடவிக்கொள்ள வேண்டும். அறையைக் காலி செய்கிற பேச்சை மறுபடி எடுக்கக் கூடாது. ஆறு வாரம் முடிந்து பூஞ்சை இல்லையென்றால் பூனை தீமாவுக்கு.

தீமா உதட்டைக் கடித்துக்கொண்டு கூடையை நீட்டினாள். "அவ பேரு துயி," என்று மட்டும் சொன்னாள்.

இப்போது வெள்ளிக்கிழமை ரகசியம். கடையில் விற்கிற சலவைத்தூளில் துணியை வெளுப்பாகக் காட்ட ஏதோ ஒரு சரக்குச் சேர்க்கிறார்கள். அது ஊதா விளக்கில் பட்டால் ஜொலிக்கும். எங்கள் டாக்டரின் வெள்ளைக் கோட்டு இப்படி ஜொலித்ததைப் பல வருடம் முன்பே பார்த்துப் பயந்து, பிறகு சிரித்திருக்கிறேன். வாரத்திலேயே வெளுப்பான கன்ஸு எந்த நாளில் வரும் என்று எனக்குத் தெரியாதா?

நான் நினைக்காதது ஒன்று நடந்தது. திங்கள்கிழமை தோபி ஷெகுவே ஒரு மூட்டை கன்ஸுவோடு வந்து என் மேசையில் பொத்தென்று போட்டான். ஊரில் பாதி ஆண்களின் வெள்ளை, அத்மானுடையதும் சேர்த்து, அவன் கையால் வந்த வெள்ளை.

"வாங்க டாக்டரம்மா! உங்க விளக்குக்கு நல்லா சோறு போடுங்க! பிலி ஊரெல்லாம் சொல்லிட்டா, என் கடைத் துணியில ஷில்லிங் ஒட்டுதுன்னு. பதினோரு பேரு துணியத் திருப்பிக் குடுத்துட்டாங்க. எங்கப்பா காலத்துலேர்ந்து வெளுக்கறோம், ஒரு பொத்தான் தொலைஞ்சதில்ல. என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே?"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. ஒருவருடைய வாயை அடைக்கப் போய் இன்னொருவன் வயிற்றில் அடித்திருக்கிறேன். அவனை வைக்கோல் அறைக்குள் கூட்டிப்போய், ஒரு பிடி சலவைத்தூளை விளக்கில் காட்டினேன். மூட்டையைக் காட்டினேன். எல்லாம் ஒரே ஜொலிப்பு. ஷெகுவே முதலில் வாயைப் பிளந்தான். பிறகு வைக்கோல் மேலேயே உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தான்.

"அந்த மனுஷன் சட்டையக் கழட்டிருந்தா ஒண்ணுமே தெரிஞ்சிருக்காதா?"

"தெரிஞ்சிருக்காது. யார்கிட்டயும் சொல்லிடாத ஷெகுவே. சொன்னா அந்தப் பூனை கதி அதோகதி."

"நான் ஏன் சொல்றேன்? தோபி வாயத் திறந்தா ஊருல பாதி குடும்பம் நிக்காது."

அன்று மாலையே அவன் கடை வாசலில் நின்று, இவன் துணியைக் கொதிக்க வைக்கிற தண்ணீரில் எந்தப் பூஞ்சையும் உயிரோடு இருக்காது, ஊரிலேயே சுத்தமான துணி இவனுடையதுதான் என்று தொண்டை வற்றக் கத்தினேன். அது உண்மையும்கூட. பதினோரு பேரும் திரும்பி வந்தார்கள்.

கந்தகத் தண்ணீரின் நாற்றம் தெரியுமா உங்களுக்கு? நூறு முட்டையை அழுக வைத்து ஒரே நேரத்தில் உடைத்ததுபோல் இருக்கும். அத்மானின் மாடியிலிருந்து செவ்வாயும் சனியும் அது தெருவில் இறங்கியது. அத்தர் மணத்த மனிதர், கையெல்லாம் பூனைக் கீறலோடும் இந்த வாசனையோடும் மசூதிக்குப் போக, இரண்டு பக்கமும் தாராளமாக இடம் கிடைத்தது. ஆனாலும் ஒரு முக்கல் தவறவில்லை. ஒரு வேளை மருந்து தவறவில்லை. மாத்திரைத்தூளை மீன் ஈரலில் பொதிந்து ஊட்டினார். மூன்றாம் வாரத்தில் அவருடைய ஐந்து ஷில்லிங்கும் தீமாவின் கையிலிருந்த ஒன்றும் மறைந்துவிட்டன. ஐந்தாம் வாரம் நான் மாடிக்குப் போய் முடி எடுத்துப் பார்த்தேன், பூஞ்சை இல்லை. "ரொம்ப நல்லாப் பாத்துருக்கீங்க, புவானா. அடுத்த வாரம் குடுத்துடலாம்" என்றேன். அவர் முகம் ஏன் அப்படிப் போனது என்று அப்போது நான் யோசித்திருக்க வேண்டும்.

தீமா ஒவ்வொரு நாளும் மாடிப்படி வரை வந்து கதவுக்கு வெளியே நின்று "துயி" என்று கூப்பிடுவாள். உள்ளேயிருந்து பதில் வந்த பிறகுதான் தைக்க உட்காருவாள். ஆறாம் வாரம் முடிகிற வெள்ளிக்கிழமை அவள் எனக்கு முன்னால் வந்து வைத்தியசாலை வாசலில் காத்திருந்தாள். கூடையில் புதுத்துணி விரித்திருந்தாள்.

அத்மான் பூனையோடு வந்தார். மனிதர் அன்று வெள்ளை போடவில்லை. பழைய பழுப்புச் சட்டை. எனக்கு அதுவே உறுத்தியது.

"விளக்கப் போட்டுப் பாரும்மா," என்றார். "எனக்கென்னமோ இன்னும் போகலன்னு தோணுது. அவசரப்பட்டுக் குடுத்துட்டு அந்தப் பொண்ணுக்கு மறுபடி ஒட்டிடப் போவுது."

வைக்கோல் அறை. கதவு. விளக்கு. துயியின் முதுகு முழுவதும் ஜொலித்தது.

"ஐயோ!" என்று தீமா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நான் சொல்லல?" என்றார் அத்மான், வருத்தப்படுகிற குரலில். "இன்னும் ஆறு வாரமாவது ஆகும், பாவம்."

துயி தும்மினாள். மறுபடி தும்மினாள். பூஞ்சை பச்சையாக மின்னும், இது நீலவெள்ளை. பூஞ்சைக்கு மல்லிகைப்பூ வாசனையும் கிடையாது. நான் விரலைத் தண்ணீரில் நனைத்து அவள் முதுகில் வட்டமாகத் தேய்த்தேன். குபுகுபுவென்று நுரை வந்தது.

"புவானா," என்றேன், "பதினாறு வருஷமா பூஞ்சை பாக்கறேன். நுரை தள்ளுற பூஞ்சை இதுதான் முதல்."

கதவைத் திறந்து வெளிச்சத்தில் அவரைப் பார்த்தேன். எனக்கு இந்த முறை சிரிப்பு வரவில்லை. "இது ஒடம்ப நக்கற ஜீவன்னு தெரியாதா உங்களுக்கு? இந்தத் தூள் உள்ள போனா வாயும் வயிறும் வெந்துடும். ஆறு வாரம் கண்ணு மாதிரி பாத்துட்டு, கடைசி நாள் விஷத்தப் பூசிக் கொண்டு வரீங்களே!"

அவர் வெளுத்துப்போனார். "வெந்துடுமா? எனக்குத் தெரியாதும்மா. சத்தியமாத் தெரியாது. நான் ரெண்டு சிட்டிகைதான்…" அவரே ஓடிப்போய் வாளியில் தண்ணீர் மொண்டு வந்தார். இரண்டு பேருமாகத் துயியை மூன்று தண்ணீர் அலசினோம். கீறல் வாங்கிக்கொண்டே அவர் பேசினார். "தோபிதான் சொன்னான். என் துணி மட்டும் ஏன்டா அப்படி எரிஞ்சுதுன்னு தினம் கேட்டு நச்சரிச்சேன், சொல்லிட்டான். நீ எனக்குப் பண்ணத நான் பூனைக்குப் பண்ணேன், ருக்கியா. தப்புதான். ஆனா வழி காட்டுனது நீ."

  அவர் சொன்னது சரி. விளக்கை வைத்துப் பொய் சொல்லலாம் என்று அவருக்குக் கற்றுக்கொடுத்தது நான்தான்.

தீமா துயியைத் துணியில் சுற்றி வாங்கிக்கொண்டாள். தோளில் போட்டுத் துவட்டினாள். "எதுக்கு?" என்று கேட்டாள். "உங்களுக்கு மூணு மாடி இருக்கு. புள்ளைங்க இருக்காங்க. ஊரே எழுந்து நின்னு சலாம் சொல்லுது. எனக்கு இது ஒண்ணுதான். இதையும் ஏன் பறிக்கப் பாத்தீங்க?"

அத்மான் ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். "சலாம் சொல்றவன் எல்லாம் வாசலோட போயிடறான், மகளே. என் பொண்டாட்டி போனதுக்கு அப்புறம் ரெண்டு மணிக்கு என் வீட்டுக்குள்ள வந்த ஒரே உசுரு இது. மீனுக்காகத்தான் வந்துச்சு, தெரியும். அதுக்காகத்தான் மீனே வாங்குனேன். எனக்கு மீன் பிடிக்காது." கூடையை எடுத்து அவளிடம் நீட்டினார். "கூட்டிட்டுப் போ. உன்னோடதுதான்."

தீமா வாசல்வரை போனாள். வாசலில் நின்றாள். முதுகைக் காட்டியபடியே சொன்னாள்:

"ரெண்டு மணியிலேர்ந்து சாயந்தரம் அஸர் தொழுகைக்கு பாங்கு சொல்ற வரைக்கும் அனுப்பறேன்."

"மகளே!"

"இருங்க, முடிக்கல. கூரை வழியா திருட்டுத்தனமா வர வேணாம். என் அறை சன்னல நான் சாத்தி வெப்பேன். நீங்க தினம் என் வாசலுக்கு வந்து, உங்க கையால தூக்கிட்டுப் போகணும். மாடிப்படி வழியா இல்ல. கடைத்தெரு வழியா, மசூதி முன்னாடி சுத்திக்கிட்டு. நீங்க எங்க நின்னு அவள சனியன்னு கத்துனீங்களோ, அந்த வழியா."

"கடைத்தெருவா? எல்லாரும் பாப்பாங்களேம்மா!"

"பாக்கட்டும்."

மறுநாள் சனிக்கிழமை. இரண்டு மணி வெயிலில் கடைத்தெருவில் யாரும் நிற்கிற வழக்கம் இல்லை. அன்று எல்லாரும் நின்றார்கள். பிலி சட்டியை இறக்கி வைத்துவிட்டு நின்றாள். தோபி ஷெகுவே இஸ்திரிப் பெட்டியோடு வாசலுக்கு வந்திருந்தான். நானும் மருந்து வாங்குகிற சாக்கில் போயிருந்தேன்.

அத்மான் வந்தார். வெளுத்த கன்ஸு போட்டிருந்தார். தோளில் துயி நான்கு காலாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெள்ளை நெஞ்சில் அவள் கால் மண் ஐந்தாறு இடத்தில் பதிந்திருந்தது. நேராகப் பார்த்துக்கொண்டு நடந்தார். காது மட்டும் சிவந்திருந்தது. மசூதிப் படியில் உட்கார்ந்திருந்தவர்கள் தொண்டையைச் செருமினார்கள். ஒருவன் பூனைபோல் கத்தினான். அவர் நிற்கவில்லை.

பிலிதான் குறுக்கே போய் நின்றாள். மீன் வெட்டிய கையை இடுப்புத் துணியில் துடைத்துக்கொண்டு, ஊருக்கே கேட்கிறமாதிரி, "என்ன புவானா, பூனைன்னாலே வியாதி, அசிங்கம்னீங்களே! இப்ப என்ன தோள்ல?" என்று கேட்டபடி துயியின் தலையைத் தடவக் கையை நீட்டினாள்.

அத்மான் சட்டென்று தோளை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"கையக் கழுவிட்டு வந்து தொடு," என்றார். "இப்பதான் ஒடம்பு சரியாயிருக்கு அவளுக்கு."